அரைக் கட்டை

மார்ச் 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் உங்கள் அண்ணன் மகள். இப்படித் தொடங்குவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஒரே அண்ணன், அவருக்கு இருப்பது ஒரே மகள். ஆனாலும் நீங்கள் கடைசியாக என்னைப் பார்த்தபோது எனக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அதனால் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் பட்டம் வாங்கியபோது ஒரு பேனா அனுப்பியிருந்தீர்கள். பெட்டிக்குள் ‘வாயில்லாப் பூச்சிக்கு’ என்று எழுதியிருந்தது. நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்று அம்மா அந்தப் பேனாவை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். யார் அனுப்பினது என்று அப்பா கேட்கவேயில்லை. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

ஒரு இசைத்தட்டு நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறேன். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றும் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை. யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். போன வாரம் எங்கள் மேலாளர் என் மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, “எரிகல்னு ஒரு பேண்ட் கேள்விப்பட்டிருக்கியாம்மா? உனக்கெல்லாம் முந்தின காலம்” என்றார். பெட்டியின் முதுகில் ‘எரிகல் – ஏழாவது – ஈரத் தீக்குச்சி’ என்று அப்பாவின் கையெழுத்து.

“இல்ல சார்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நீங்கள் பாடிய எரிகல்லின் முதல் ஆறு ஆல்பங்களும் எங்கள் வீட்டில் கண்ணெதிரே இருக்கின்றன. ஏழாவது மட்டும் பீரோவின் மேல், சூட்கேஸுக்குப் பின்னால் கிடக்கிறது. நான் அதைக் கேட்டதே இல்லை, இந்த வேலையில்தான் முதல்முறை கேட்டேன். முதல் ஆறிலும் நெருப்பு, பைக், ஓடிப்போகும் பெண் என்றே இருக்கும். இதில் ஒரு ஆள் வீட்டுக்குத் திரும்பி வருகிறான், அவ்வளவுதான். கிடார் அதே இடி இடிக்கிறது. ஆனால் மேலே ஓடும் மெட்டைக் கேட்டால் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கலாம் போலிருக்கிறது. மூன்றாவது பாட்டு தொடங்கும் முன் டிரம்ஸ்காரரின் நாற்காலி ‘கிறீச்’ என்கிறது. அதைச் சுத்தம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வெளிவந்தபோது யாரும் சீந்தவில்லை என்றும், ‘நரைமுடிக்கு மை பூசியது போல’ என்று ஒரு பத்திரிகை எழுதியது என்றும் மேலாளர் சொன்னார். இப்போது எங்கிருந்தோ சின்னப் பிள்ளைகள் தேடிக் கேட்கிறார்களாம். மறுபடி வெளியிடப் போகிறோம். உங்களை அழைப்பார்கள். அதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது. அவர் இப்போது வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறார். ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்ற காலத்துக்குக் கூலியாக இரண்டு காதும் மந்தம். காதில் மெஷின் மாட்டிக்கொள்கிறார்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள்? நீங்கள் பேசக் கூடாது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

*

மார்ச் 11

வாயில்லாப் பூச்சிக்கு,

இப்போது வாயில்லாதவன் நான்தான். பட்டத்தை எனக்குத் திருப்பி அனுப்பு.

உன் மேலாளர் போன் செய்தார். டாக்டர் சொல்படி நான் பேசக் கூடாது, பாட வேண்டுமானால் பேச்சைச் சேமிக்க வேண்டும். அதனால் நான் வேலை பார்க்கும் கடையின் கணக்கரைப் பேச வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த ஆள், “அண்ணன் ஆமாங்கறாரு… அண்ணன் யோசிக்கிறாரு… அண்ணன் மொறைக்கிறாரு” என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். செல்போனில் தட்டி அனுப்பலாமே என்பாய். அதில் எனக்குக் கோபம் சரியாக வருவதில்லை.

விஷயம் இதுதான். மே 18, ஆல்பம் வெளிவரும் அன்று கச்சேரி. பழைய ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். ஈரத் தீக்குச்சியை முதலிலிருந்து கடைசிவரை பாட வேண்டும். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

கடைசிப் பாட்டு ‘கடைசிப் படி’. அதன் முடிவில் ‘வா’ என்று ஒரு வார்த்தையை மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பதிவில் எந்த உயரமோ அதே உயரத்தில்தான் பாடுவேன் என்று கிடார்காரனுக்குச் சொல்லிவிட்டேன். “இறக்கிக்கலாம்டா, யாருக்குத் தெரியப் போகுது” என்று செய்தி அனுப்பினான். எனக்குத் தெரியும் என்று பதில் அனுப்பினேன்.

டாக்டர், “உங்க தொண்டை இப்ப தையல் போட்ட துணி. இழுத்தா கிழியும், மறுபடி தைக்க முடியாது” என்கிறார். இதையே வேறொரு டாக்டர் அந்த ஆல்பத்துக்கு முன்பும் சொன்னார். அப்போதே எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஆனாலும் பாடினேன். நாடாவில் இருக்கிறது. அதைவிடச் சாட்சி வேண்டுமா?

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்த ஆல்பம் வந்த கையோடு நடந்த கச்சேரியில் அதே ‘வா’வில் என் குரல் உடைந்தது. அத்தனை பேருக்கு முன்னால், சேவல் கழுத்தைத் திருகினது மாதிரி. என் காலடி ஸ்பீக்கரில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் யார்தான் நிற்பார்கள்? மேடைக்குப் பின்னால் கத்தினேன். உன் அப்பன், ஒலிக்குப் பொறுப்பு அவன்தான், எல்லாருக்கும் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான். வயர்ல கோளாறு” என்றான். அதோடு எரிகல் அணைந்தது. அவனுக்கும் அதற்குப் பிறகு யாரும் ஒலி வேலை தரவில்லை. நானும் அவனோடு பேசவில்லை. இப்போது அண்ணனுக்குக் காது இல்லை, தம்பிக்குக் குரல் இல்லை. பேசாமலிருக்க இதைவிடப் பொருத்தம் அமையாது.

நான் டைல்ஸ் கடைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கடை மூடியதும் டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவே நின்று பழகுகிறேன். எந்த ஸ்டூடியோவிலும் இந்த எதிரொலி கிடைக்காது.

எனக்கு ஒரு உதவி செய். கடைசிப் படியில் என் குரலை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்பு. இசை இல்லாமல் கேட்டால் அந்த இடத்தை எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே புரியும்.

சித்தப்பா

*

மார்ச் 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. குரலை மட்டும் பிரித்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இங்கே ஒரு மெஷின் சரியாக இல்லை. கொஞ்சம் தாமதமாகும்.

ஒன்று கேட்கலாமா? அந்த இடத்தைப் பாடியபோது உங்களோடு யாராவது கிடாரோ பியானோவோ வாசித்தார்களா, அல்லது ஏற்கெனவே பதிந்த இசையை ஹெட்போனில் கேட்டபடி நீங்கள் மட்டும் பாடினீர்களா? அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார்?

கிடார்காரர் சொன்னது போல, சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடினால் என்ன? பெரிய பாடகர்கள் எல்லாரும் வயதானபின் இறக்கித்தான் பாடுகிறார்கள் என்று மேலாளர் சொல்கிறார். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. நான் அதிகமாகப் பேசுகிறேன் என்றால் மன்னியுங்கள்.

உங்கள் பூச்சி

*

மார்ச் 26

பூச்சிக்கு,

நான் ஒன்று கேட்டால் நீ நான்கு கேட்கிறாய். படிப்பு இதற்குத்தானா?

மெஷின் சரியில்லை என்பது பொய். பொய் சொல்லும்போது உன் எழுத்து சாய்கிறது. உன் அப்பனுக்கும் அப்படித்தான்.

கேட்டதற்குச் சொல்கிறேன். இசை முழுவதையும் முதலிலேயே பதிந்தாகிவிட்டது. கடைசியில் குரல் மட்டும்தான் பாக்கி. அன்று மதியம் ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம் மெஷினோடு. பாடப் பாட அந்த ‘வா’ மட்டும் எட்டவில்லை. காலுக்குக் கீழே ஒரு முக்காலி இருந்தால் எட்டிவிடும் என்பது போல, தொட்டுத் தொட்டு வழுக்கியது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். “அண்ணா, இன்னிக்கு இது வரலைன்னா நான் இனிமே பாட மாட்டேன். லாரி ஓட்டப் போறேன். சத்தியமா” என்றேன். அவன், “போய் டீ குடிச்சிட்டு வா” என்றான்.

போனேன். வந்தேன். “சும்மா ஒருவாட்டி பாடு, பதியலை” என்றான். பாட்டு கொஞ்சம் நிதானமாக ஓடுவது போலிருந்தது. மனசு அடங்கிவிட்டால் அப்படித்தான் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். ‘வா’ வந்தது. கஷ்டப்பட்டுத்தான் வந்தது, ஆனால் வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கண் கலங்கியிருந்தான். பதியவில்லை என்று சொன்னதும் பொய். பதிந்திருந்தான்.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மதியம் இல்லை. இத்தனை வருடம் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறேனே, ‘நாற்பத்து நான்கு வயதில் அதைப் பாடினவன் நான்’ என்கிற ஒன்றுதான் என்னைத் தூக்கி நிறுத்துகிறது. இப்போது மட்டும் ஏன் இறக்க வேண்டும்?

நேற்று பழகி முடித்துத் துப்பினேன். எச்சிலில் சிவப்பு. டாக்டரிடம் சொல்லப் போவதில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

குரலை அனுப்பு.

சித்தப்பா

*

ஏப்ரல் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

எச்சிலில் சிவப்பு என்று எழுதியிருக்காவிட்டால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். சொல்லாமலிருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்க முடியவில்லை.

உங்கள் குரலைத் தனியாகப் பிரித்தேன். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில், குரலுக்கு அடியில், மெல்லிசாக ஒரு ‘ம்ம்’ கேட்கிறது. கரண்ட் சத்தம். பழைய ஸ்டூடியோ வயர்களில் அது ஏறிவிடும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் காதை வைத்தால் கேட்குமே, அதே சத்தம்தான். கரண்டுக்கு வயதும் இல்லை, மனநிலையும் இல்லை. அது எப்போதும் ஒரே சுருதியில்தான் நிற்கும். கிடாரின் அடியில் இருக்கும் ‘ம்ம்’ அந்தச் சுருதியில்தான் நிற்கிறது. டிரம்ஸிலும் அப்படியே. மற்றப் பாட்டுகளில் உங்கள் குரலுக்கு அடியிலும் அப்படியே. கடைசிப் படியில் உங்கள் குரலுக்கு அடியில் மட்டும் அது அரைக் கட்டை மேலே இருக்கிறது.

கரண்ட் தானாக ஏறாது, சித்தப்பா. நீங்கள் பாடியபோது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் உங்கள் ஹெட்போனில் இசை அரைக் கட்டை கீழே இறங்கியிருக்கிறது. அதற்குச் சேர்த்து நீங்கள் பாடினீர்கள். பிறகு நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் இசை தன் இடத்துக்குத் திரும்பியது. உங்கள் குரல் அதனோடு சேர்ந்து அரைக் கட்டை ஏறிவிட்டது.

பதிவில் இருக்கும் அந்த உயரத்தை நீங்கள் பாடவில்லை. அதை மேடையில் அன்று பாட முயன்றீர்கள். இப்போது மறுபடி முயல்கிறீர்கள்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று பல தடவை சரிபார்த்தேன். அப்புறம் அப்பாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மோட்டாரைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார். வெறும் ‘ம்ம்’ மட்டும் வெட்டி எடுத்து லேப்டாப்பில் சத்தமாக வைத்தேன்.

“இது என்னப்பா?”

“கரண்ட் சத்தம். என்ன, ஆபீஸ்ல எர்த் சரியில்லையா?”

“இது ‘கடைசிப் படி’ பாட்டுப்பா. சித்தப்பா குரலுக்கு அடியில. ஏன்பா அரைக் கட்டை ஏறியிருக்கு?”

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். காது மெஷின்கள் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரே ஸ்க்ரூவை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 18 அன்று அந்த உயரத்துக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 6

தொண்டையைக் கிழித்துப் பார்க்க ஒரு டாக்டர் போதாதென்று நீயும் கத்தி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். நம் வீட்டின் முதல் பட்டம்! அளந்து பார்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

என் குரல் எனக்குத் தெரியும். மே 18 அன்று அதே உயரத்தில் பாடுவேன். கிழிந்தால் கிழியட்டும், அது என் துணி.

இதை யாரிடமாவது சொன்னாயானால் நீ எனக்கு மகளும் இல்லை, பூச்சியும் இல்லை.

இனி எழுதாதே.

*

ஏப்ரல் 14

சித்தப்பாவுக்கு,

எழுதக் கூடாது என்றீர்கள். எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் சரியென்று கேட்டுக்கொண்டவள் நான். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்கியதில்லை. இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. மேலாளர் அந்த ‘ம்ம்’மைக் கேட்டுவிட்டு, “அதைத் தொடைச்சிடும்மா” என்று மட்டும் சொன்னார். துடைத்துவிட்டேன். இப்போது அது உங்களுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தை அப்பா பார்த்துவிட்டார். மேசையில் வைத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மெஷினை மாட்டியிருந்தார்.

“கிழியும்னு எழுதியிருக்கானே, என்ன கிழியும்?”

தையல் போட்ட துணியையும், எச்சிலில் சிவப்பையும் சொன்னேன். சொல்லாதே என்றிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். அப்பா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

“மேடையில வயர் நல்லாத்தான் இருந்துச்சு. அவன் குரல் அவனுக்கு நல்லாவே கேட்டுச்சு. அது ஒடஞ்சதும் எல்லாரும் அவனையே பார்த்தாங்க. யாராவது ஒருத்தன் தப்புப் பண்ணியிருக்கணும்ல? நான்னு சொன்னேன். பண்ணினதும் நான்தானே. அன்னிக்கு நான் டேப்பை இறக்காம இருந்திருந்தா, அவன் பாட்டை இறக்கியிருப்பான். இன்னிக்கு வரைக்கும் பாடிட்டிருப்பான். லாரி ஓட்டப் போறேன்னு சத்தியம் பண்ணினான்மா. எனக்குப் பயமாயிடுச்சு.”

அம்மா அடுப்படியிலிருந்து, “ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா ரெண்டு பேரும் உருப்பட்டிருப்பீங்க. அதுக்குக்கூட இந்தப் புள்ள படிச்சிட்டு வர வேண்டியிருக்கு” என்றாள். அப்பா அப்போதும் மெஷினைக் கழற்றவில்லை.

இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். கடைசிப் படியை அரைக் கட்டை இறக்கி, அன்று மதியம் உங்கள் ஹெட்போனில் எப்படிக் கேட்டதோ அப்படி வைத்திருக்கிறேன். இது நீங்கள் உண்மையாகப் பாடியது. அந்த ‘வா’ பதிவில் இருப்பது போலப் பளபளப்பாக இல்லை, கரகரப்பாக இருக்கிறது. வாசலில் நிற்கிற ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இசையைப் பற்றிப் பேசத் தெரியாது. ஆனால் பதிவைக் கேட்டபோது எனக்கு எதுவும் ஆகவில்லை. இதைக் கேட்டபோது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

ஆல்பத்தின் இறுதிப் பிரதியை இம்மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். பழைய வேகமா, இந்த வேகமா என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழையபடியே கொடுத்துவிடுவேன்.

கச்சேரியைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். அது உங்கள் துணி.

உங்கள் மகளாகவோ பூச்சியாகவோ, எது மிச்சமோ அதுவாக

*

ஏப்ரல் 23

உனக்கு,

சிடியைக் குப்பையில் போட்டேன். ஃபோர்க்லிஃப்ட் சாவியை மாட்டப் போனவன் திரும்பி வந்து எடுத்தேன். கடைக் கணக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணன் யோசிக்கிறாரு” என்று யாருக்கோ சொல்வது போல முணுமுணுத்தார். அந்த ஆளை ஒரு நாள் டைல்ஸோடு சேர்த்து அடுக்கப் போகிறேன்.

கடை மூடியபின் கிடங்கில் வைத்துக் கேட்டேன்.

எனக்கு யார்மேல் கோபம் என்று எழுத இரண்டு நாள் ஆயிற்று. வயர்மேல் இல்லை. அவன் சாலிடர் வைத்த வயர் எதுவும் அறுந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று அவன் சொன்னதும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. என் கோபம் அந்தக் கட்டைவிரல்மேல்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினானே, அது ஒரு பாடகனுக்குக் காட்டினதா, நடக்கப் பழகும் குழந்தைக்குக் காட்டினதா? “எட்டலைடா, இறக்கிக்கோ” என்று ஒரு வார்த்தை. கத்தியிருப்பேன், கதவை உதைத்திருப்பேன், லாரி ஓட்டவும் போயிருப்பேன், ஒரு வாரத்துக்கு. பிறகு வந்து இறக்கிப் பாடியிருப்பேன். என்னைப் பற்றி அவனுக்கு அது தெரியாதா? பரிதாபப்பட்டிருக்கிறான். பகையாளிகூட எனக்கு அந்தக் கேட்டைச் செய்ததில்லை.

அந்தப் பரிதாபத்துக்காகத் தன் பிழைப்பையும் கொடுத்திருக்கிறான், மடையன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சிடியில் பாடுகிற ஆள் நன்றாகத்தான் பாடியிருக்கிறான். எனக்கு அவனைத் தெரியாமல் போய்விட்டது.

ஆல்பத்தைப் பழைய வேகத்திலேயே விடு. அப்படித்தான் வெளிவந்தது, அதைத்தான் அந்தப் பிள்ளைகள் தேடிக் கேட்கிறார்கள். அது என் குரலாக இல்லாவிட்டாலும் உன் அப்பனின் ஆசை. இருந்துவிட்டுப் போகட்டும். நீ துடைத்த கரண்ட் சத்தத்தை மட்டும் திரும்ப வை. கேட்கத் தெரிந்தவன் கேட்டுக்கொள்ளட்டும்.

கச்சேரி வேறு. அதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இத்துடன் ஒரு பென் டிரைவ். கடைசிப் படியை அரைக் கட்டை இறக்கி, இதே கிடங்கில் நேற்று பாடிப் பதிந்தேன். கணக்கர்தான் பதிந்தார், அதனால் நடுவில் அவருடைய இருமல் வரும். இதை உன் அப்பனிடம் போட்டுக் காட்டு. எப்படி இருக்கிறது என்று கேள். கட்டைவிரலைத் தூக்கினான் என்றால், மே 18 அன்று நான் பழைய உயரத்துக்கே போவேன். பயமுறுத்தவில்லை, நடக்கப் போவதைச் சொல்கிறேன். என்னை இன்னும் குழந்தை என்றே அவன் நினைத்தால், நான் குழந்தை மாதிரியே நடந்துகொள்கிறேன்.

சித்தப்பா

*

ஏப்ரல் 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பென் டிரைவ் வந்து மூன்று நாள் அதை என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அப்பா நல்லவர், சித்தப்பா. நல்லவர்கள் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். உங்கள் நிபந்தனையை மட்டும் மறைத்துவிட்டு, “உண்மையைச் சொல்லுங்கப்பா” என்று சொல்லிக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அதுவும் நாடாவை மெதுவாக ஓட்டுகிற வேலைதான் என்று தோன்றியது. அதனால் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டவும் இல்லை. “சித்தப்பா பாடி அனுப்பியிருக்கார். எப்படி இருக்குன்னு கேக்கறார்” என்று மட்டும் சொன்னேன்.

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். சட்டையைக்கூட மாற்றிக்கொண்டார். பரணிலிருந்து தன் பழைய ஸ்பீக்கரை இறக்கித் துடைத்து, வயர் மாட்டினார். பிறகு காதுக்குக் கையைக் கொண்டுபோனார். காது மெஷினைக் கழற்றினார்.  இன்றைக்கும் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன்.

“இதுல பேச்சுதான்மா கேக்கும். பாட்டு தகரமாயிடும்” என்றார்.

வெறும் காதோடு ஸ்பீக்கரின் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துக்கொண்டார். “போடு. முழுசா சத்தம் வை” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுமளவுக்குச் சத்தம். அம்மா போய், “ஒரே ஒரு பாட்டுதாங்க” என்று அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள். இருமல் வந்த இடத்தில் அப்பா முகத்தைச் சுளித்தார். ‘வா’ வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். உங்கள் குரல் ஏறி, நின்று, கடைசியில் லேசாக நடுங்கியது. நடுங்கியபோது அவர் கை ஸ்பீக்கர்மேல் அப்படியே இருந்தது.

முடிந்தது. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெஷின்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.

“எழுதிக்கோ” என்றார். இந்தப் பேனாவை எடுத்து எழுதினேன்.

“அரைக் கட்டை பத்தாது. அன்னிக்குப் பத்துச்சு, இன்னிக்குப் பத்தாது. வயசாயிடுச்சுடா உனக்கு. ஒரு கட்டை இறக்கு. ‘வா’வுல முடிவுல அசையுது பாரு, அங்க நீ தொண்டையில நிக்கிற, வயித்துல நிக்கல. ஒரு கட்டை இறக்கினா அசையாது. பெருமைக்கு ஏத்திப் பாடினா இந்தத் தடவை வயர் மேல பழி போட நான் வர மாட்டேன்.”

இவ்வளவையும் சொல்லிவிட்டு எழுந்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், “என் தம்பி பாடறான். கேட்டுச்சுல்ல?” என்றார்.

கட்டைவிரலை அவர் தூக்கவேயில்லை. 

ஆல்பத்தை இன்று ஒப்படைத்தேன். ‘ம்ம்’மைத் திரும்ப வைத்திருக்கிறேன். மேலாளர், “தொடைக்கச் சொன்னேனேம்மா” என்றார். “அது இருக்கணும் சார். எரிகல்லோட ஒலிக்காரர் என் அப்பா” என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக அந்த அறையில் இதுவரை கேட்டதில்லை. அவர் பெட்டியின் முதுகில் இருந்த கையெழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரியென்றார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் மகள்

*

மே 5

வாயில்லாப் பூச்சிக்கு,

பட்டத்தை நீ திருப்பி அனுப்ப வேண்டாம். அது இனி உனக்கும் பொருந்தாது, எனக்கும் பொருந்தாது.

கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு அடுக்கு டைல்ஸை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது. உன் அப்பனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரே காரில் எங்களை ஏற்றாதே, ஒரே அறையில் உட்கார வைக்காதே, கட்டிப்பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுக்காதே. பேச வேண்டிய பேச்சு பல வருடத்துக்குப் பாக்கியிருக்கிறது, அதற்கு டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை.

நேற்று ஒரு கட்டை இறக்கிப் பாடினேன். அசையவில்லை.

துப்பிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

கிடார்காரனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். உன் மேலாளருக்கும் கணக்கரை விட்டுச் சொல்லச் சொன்னேன்: மே 18 அன்று ஒலி மேசைக்கு வேறு யாரையும் வைக்க வேண்டாம், என் அண்ணன்தான் உட்காருவான். காது மந்தமான ஆளை எப்படி வைப்பது என்று உன் மேலாளர் கேட்டாராம். கணக்கர் என் முகத்தைப் பார்த்தார். அவர் வர்ணனை தொடங்குமுன் போனைப் பிடுங்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு வாயைத் திறந்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

“அவனுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

சித்தப்பா